வெளிமாநில வண்டி

கொட்டச்சேட்டில் சசிரேகாவின் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏற்காட்டு மலையில் ஓடுகிற மற்ற ஜீப்புகளிலெல்லாம் தமிழ்நாட்டு எண் இருக்க, அதில் மட்டும் கர்நாடகா எண் இருந்தது. பிள்ளைகள் அதைப் பெங்களூர் வண்டி என்றார்கள். பெரியவர்கள் சிலர் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். அவள் காதுபடப் பேசியவர் அண்ணாதுரை ஒருவர்தான்.

ஜீப்பை வாங்கியவன் அவள் கணவன் சக்திவேல். பெங்களூரில் ஒரு பண்ணைவீட்டுக்காரரிடம் டிரைவராக இருக்கிறான். முதலாளி புது வண்டி எடுத்தபோது பழைய ஜீப்பைச் சல்லிசாக இவனுக்கே தள்ளிவிட்டார். பெங்களூர் விலாசத்திலேயே பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு பொங்கலுக்கு மலைக்கு ஓட்டிவந்து, சாவியைச் சசிரேகாவின் கையில் கொடுத்துவிட்டு அவன் பஸ் ஏறிப் போனான். அவளுக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே எஸ்டேட் டிராக்டரில் கை பழகியவள். காலையில் பிள்ளைகளை ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடுவாள். பிறகு ஆரஞ்சு, பலா, மிளகு என்று அந்தந்தப் பருவத்தில் விளைந்ததையும் விளைவித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவாள்.

“ஏனுங்க, நம்பர் மாத்த வேண்டாமுங்களா?” என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

சக்திவேல் ஒரு கணக்குச் சொன்னான். கர்நாடகாவில் வண்டிக்கு ஆயுள் வரி ஒரேயடியாகக் கட்டியாகிவிட்டது. இங்கே கொண்டுவந்து எண் மாற்றினால் இங்கேயும் புதிதாக வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மிச்சக் காலத்துக்கு உள்ளதை அவர்கள் திருப்பித் தருவார்கள்தான். ஆனால் அதற்கு மனுப் போட்டுவிட்டு நடையாய் நடக்க வேண்டும்.

“ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வரி மாறுது புள்ள. கர்நாடகாவுல ஒரு ரேட்டு, இங்க ஒரு ரேட்டு, பாண்டிச்சேரியில இன்னும் கம்மி. பங்களாக்காரங்க பெரிய பெரிய கார்ல வர்றாங்களே, என்ன நம்பருன்னு பாத்திருக்கியா? பாண்டிச்சேரி நம்பரு. அவங்க இருக்கறது மெட்ராஸ்ல. ஒரே நாடு, ஒரே ரோடு, யாரு கேக்கப் போறாங்க?”

ஒரு வருடத்துக்கு மேல் வெளிமாநில எண்ணோடு வண்டியை வைத்திருக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றான். அடுத்த பொங்கலும் வந்து போனது. அடிவாரத்தில் சோதனை நடக்கிறது என்று காதில் விழுந்த நாட்களில் சசிரேகா மலையின் மறுபக்கம் குப்பனூர் வழியாக இறங்கினாள். முதலில் அப்படிச் செய்தபோது நெஞ்சு படபடத்தது. போகப் போகப் பழகிவிட்டது.

அண்ணாதுரையும் ஜீப்தான் ஓட்டினார். அவருடையது வாடகைக்கு ஓட்டுவதற்கான மஞ்சள் போர்டு. காலாண்டுக்கு ஒருமுறை வரி, வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பர்மிட், இன்சூரன்ஸ் என்று எதையும் தள்ளிப்போடாத மனிதர். அவருடைய மனைவி சுகுணா காப்பி எஸ்டேட்டில் வேலைக்குப் போனாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் ஜீப்பில்தான் போனார்கள். சசிரேகா கொஞ்சம் குறைத்து வாங்கினாள், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினாள், ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், டீக்கடைக்கு முன்னால், அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏனம்மணி, நானும் இதே ரோட்லதான் ஓட்டறேன், நீயும் இதே ரோட்லதான் ஓட்டற. நான் மட்டும் எதுக்கு வரி கட்டோணும்?”

“நாங்களும் கட்டியிருக்கோமுங்ணா. ஆயுசுக்கும் கட்டியாச்சு.”

“எங்க கட்டுன? பெங்களூர்ல. பெங்களூர்க்காரனா வந்து இந்த ரோட்டுக்குத் தாரு ஊத்தறான்?”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சசிரேகாவுக்கு முகம் சுட்டது. வண்டியை எடுத்தாள். அன்றிரவு கணவனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவன் அடுத்த மாதம் என்றான்.

கார்த்திகை பிறந்து காப்பி பழுத்தது. எஸ்டேட்டுகளில் பறிப்பு தொடங்கிவிட்டது. ஒரு புதன்கிழமை முற்பகலில் சசிரேகா பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலில் ஜீப்பில் ஆரஞ்சுக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேட்டுப் பாதையில் யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். எஸ்டேட்டில் சுகுணாவோடு காப்பி பறிக்கிற மாதம்மாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“கதண்டு கண்ணு, கதண்டு. சுகுணாவ மொய்ச்சிருச்சு.”

சில்வர் ஓக் மரத்தில் கூடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மிளகுக் கொடிக்கு நிழலைக் குறைக்க யாரோ கிளையை வெட்டியிருக்கிறார்கள். கூடு அடியோடு விழுந்தது. எல்லாரும் ஓடினார்கள். சுகுணா காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்த வடிகாலில் கால் இடறி விழுந்தாள். மலைக்குளவிக் கூட்டம் அவள்மேல் இறங்கிவிட்டது. மாதம்மாள் காப்பிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி, அவளை இழுத்து வந்திருக்கிறாள்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தார். பஸ்ஸிலிருந்து விழுந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு அது சேலத்துக்கு இறங்கியிருந்தது. எஸ்டேட் வண்டி காப்பி மூட்டையோடு கீழே போய்விட்டது. அண்ணாதுரையின் ஜீப் எஃப்.சி.க்காகச் சேலத்தில் பெயின்ட் அடிக்க நின்றது.

சசிரேகா கூடைகளைத் தரையில் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாள்.

எஸ்டேட் வாசலில் சுகுணாவைக் கம்பளியில் கிடத்தியிருந்தார்கள். சசிரேகா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அடையாளமே தெரியவில்லை. உதடும் இமையும் ஒன்றாய் ஊதி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் அண்ணாதுரை மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்தபடி, “சுகுணா, இங்க பாரு, இங்க பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீப்பின் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். வந்தது யார் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அது வெட்கம் என்று சசிரேகா நினைத்தாள்.

“தூக்குங்ணா. பேசறதுக்கு நேரமில்ல.”

பின்னால் மாதம்மாள் மடியில் சுகுணாவின் தலை. காலடியில் அண்ணாதுரை. ஏற்காடு வரைக்கும் மேடும் பள்ளமுமான அந்த ரோட்டில் சசிரேகா அப்படி ஓட்டியதே இல்லை. மூச்சு இழுக்கும் சத்தம் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கேட்கிற வரைக்கும் நல்லது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசலிலேயே ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் சீரானது. மருந்துப் பாட்டிலை ஏற்றினார்கள். ஆனால் டாக்டரின் முகம் தெளியவில்லை.

“நிறையக் கொட்டியிருக்கு. வீக்கம் மறுபடி தொண்டைக்கு ஏறலாம். சிறுநீரகத்தையும் பாதிக்கும். இங்க வச்சுக்க முடியாது, சேலத்துக்குப் போயாகணும். ஆம்புலன்ஸ் இப்பதான் கீழ போய்ச் சேர்ந்திருக்கு. அது மேல வர்ற வரைக்கும் காத்திருக்கறதா, நீங்களே இறங்கறதான்னு கேட்டா, இறங்குங்கன்னுதான் சொல்லுவேன். நர்ஸ் கூட வருவாங்க.”

நர்ஸ் கவிதா, மெலிந்த பெண், ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். மருந்துப் பாட்டிலை மாதம்மாள் ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இடமில்லாமல் அண்ணாதுரை முன் இருக்கைக்கு வந்தார்.

ஏரியைத் தாண்டி, கொட்டச்சேட்டு ரோடு பிரிகிற இடம் நெருங்கியபோது அவர் சொன்னார்:

“அடிவாரம் வேண்டாம் அம்மணி. குப்பனூர் வழியா எறங்கிரலாம்.”

சசிரேகா திரும்பிப் பார்த்தாள். “அது சுத்துங்ணா. திரும்பக் கொட்டச்சேடு போயி எறங்கோணும். போன வாரம் பேஞ்ச மழைல மண்ணு சரிஞ்சு கெடக்குது. பைக்குதான் போகுது.”

“ஜீப்பு போயிரும். ஓரமா போனா போயிரும்.”

“எதுக்குங்க?”

பின்னால் கவிதா, “எந்தப் பக்கமோ, சீக்கிரம் போங்க” என்றாள்.

“அடிவாரத்துல இன்னைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க நிக்கறாங்க” என்றார் அண்ணாதுரை. “உன் வண்டியப் புடிக்கத்தான் நிக்கறாங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன். நம்பர், நீ எறங்கற நாளு, எல்லாம். புதன்கிழமை பாக்கறோமுன்னு சொன்னாங்க.” அவர் பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். “அங்க நிறுத்திட்டாங்கன்னா எவ்வளவு நேரமாகுமோ. இவளுக்கு நேரமில்ல அம்மணி.”

சசிரேகாவின் கால் பிரேக்கை அழுத்தியிருந்தது. வண்டி இரண்டு ரோட்டுக்கும் நடுவில் நின்றது.

அவள் நினைத்ததெல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்தது. இந்த மனிதரை இறக்கிவிட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. அடுத்த நொடியே, குப்பனூர் என்று அவளுடைய கைகளும் சொல்லின. இரண்டு வருடமாகச் சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கைகள் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமாகத்தான் ஒடித்திருக்கின்றன. வண்டி போய்விட்டால் பிள்ளைகள் இல்லை, கூடைகள் இல்லை, மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும். குப்பனூர் வழியில் ஒருவேளை போய்விடலாம். சக்கரம் ஒருவேளை மண்ணில் புதையலாம். புதைந்தால் அந்தக் காட்டுக்குள் யாரைக் கூப்பிடுவது? பின்னால் சுகுணாவின் மூச்சு மறுபடி விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது.

“புடிச்சா புடிச்சுக்கட்டும்” என்று சொல்லி, அடிவாரத்து ரோட்டில் வண்டியை விட்டாள்.

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஹாரனை அழுத்தியபடி இறங்கினாள். எதிரே ஏறிவந்த பஸ், அவள் முகத்தைப் பார்த்தோ ஹாரனைக் கேட்டோ, சுவரோரம் ஒதுங்கி நின்றது. சுற்றுலா வேன் ஒன்று வழிவிடாமல் நடுரோட்டில் ஊர்ந்தது. அண்ணாதுரை பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். வேன் விலகியது. பிரேக் சூடேறிக் கருகல் நாற்றம் அடித்தது. அவள் இரண்டாவது கியருக்கு மாற்றி, என்ஜினின் பிடியிலேயே வண்டியை இறக்கினாள்.

“நிறுத்தாதீங்க. ஆட்டாம மட்டும் ஓட்டுங்க” என்று பின்னாலிருந்து கவிதாவின் குரல் வந்தது. அடுத்த ஊசியை அவள் அப்போது எடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டாமல் ஓட்டுவதற்கு அந்த ரோட்டில் இருந்தது ஒரு சின்ன நேர்த்துண்டுதான். சசிரேகா அதில் ஆமைபோல் நகர்ந்தாள். கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“போட்டாச்சு. போங்க.”

மாதம்மாள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் அண்ணாதுரை, சசிரேகாவைப் பார்க்காமலே, “நொம்பப் பெரிய தப்புப் பண்ணிட்டேன்” என்றார். சசிரேகா அடுத்த வளைவுக்கு ஹாரனை அழுத்தினாள். அந்த நேரத்தில் அவரைத் தேற்ற அவளுக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை.

கடைசி வளைவு முடிந்து அடிவாரம் தெரிந்தது. சோதனைச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசையின் தலைப்பில் ஒரு பெரிய கறுப்புக் கார் ரோட்டுக்குக் குறுக்கே கோணலாக நின்றது. பாண்டிச்சேரி எண். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காருக்கு வெளியே நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டை அதிகாரியிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

“வரி கட்டின வண்டி சார் இது. பாண்டிச்சேரி என்ன வெளிநாடா? ஒரே நாடுதானே?”

சக்திவேல் சொன்ன அதே பேச்சு.

சசிரேகா ஹாரன் அடித்தாள். யாரும் அசையவில்லை. சோதனையில் நிற்கிற வண்டிகள் எல்லாமே ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தன. இடது பக்கம் சாக்கடை, வலது பக்கம் ஏறுகிற வண்டிகள். முன்னால் போக வழியில்லை. பின்னாலும் ஒரு லாரி வந்து நின்றுவிட்டது.

“மூச்சு இழுக்குது” என்றாள் கவிதா. இதுவரை நிதானமாக இருந்த அவள் குரலில் இப்போது பதற்றம். “இனிமே எங்கிட்ட மருந்து இல்ல.”

அண்ணாதுரை கதவைத் திறந்து குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், வண்டிகளுக்கு நடுவே ஓடினார். சசிரேகா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காக்கிச் சட்டைக்காரரின் முன்னால் போய் நின்றார். மோட்டார் வாகன ஆய்வாளர் ஆண்டனி ராஜ் என்று அவர் பெயர் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆய்வாளர் அவரை விலகச் சொல்லிக் கை காட்டினார். அண்ணாதுரை விலகவில்லை. ஜீப்பைச் சுட்டிக் காட்டினார். ஆய்வாளர் எண்ணைப் பார்த்தார், அண்ணாதுரையைப் பார்த்தார், பிறகு இருவரும் ஜீப்பை நோக்கி வந்தார்கள்.

“நீங்கதானே மனுக் குடுத்தது?” என்று ஆய்வாளர் கேட்டுக்கொண்டே வந்தார். “இதே நம்பர்தானே?”

“ஆமாங்க. நான்தானுங்க. உள்ள கெடக்கறது என் சம்சாரமுங்க.”

ஆண்டனி ராஜ் தார்ப்பாயை விலக்கி உள்ளே பார்த்தார். ஒரு கணம்தான். உடனே திரும்பி, தன் ஆட்களிடம், கறுப்புக் காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் போனை இறக்காமல், “முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க” என்றார். இரண்டு பேர் அவர் காரில் கை வைத்துத் தள்ளப் போனதும், போனை வைத்துவிட்டுத் தானே ஏறி நகர்த்தினார்.

“ஆர்.சி.” என்று ஆய்வாளர் ஜன்னலில் கை நீட்டினார்.

சசிரேகா கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த பதிவுச் சான்று அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

“இது எங்கிட்ட இருக்கும். சேர்த்துட்டு இங்கயே வரணும். வருவீங்களா?”

“வர்றனுங்க.”

அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டின் நடுவில் போய் நின்று, ஏறுகிற வண்டிகளையும் நிறுத்தினார். அண்ணாதுரை ஓடிவந்து ஏறும்போதே சசிரேகா வண்டியை நகர்த்தியிருந்தாள்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. கவிதா கூடவே உள்ளே போனாள். மாதம்மாள் நடைபாதையில் உட்கார்ந்த பிறகுதான், அவள் கையிலும் கழுத்திலும் கொட்டியிருந்ததையே மற்றவர்கள் கவனித்தார்கள். அவளையும் ஒரு நர்ஸ் அழைத்துப் போனாள்.

சசிரேகாவும் அண்ணாதுரையும் சுவரோரம் நின்றார்கள். இருவருக்கும் இடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நெடுநேரம் கழித்துக் கவிதா வெளியே வந்தாள்.

“தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. மூச்சுக்கு இனி பயமில்லைன்னு சொல்றாங்க. சிறுநீரகம் எப்படின்னு பாக்கணும். கொஞ்சம் பிந்தியிருந்தா...” என்று நிறுத்திவிட்டு, “நான் கிளம்பறேன், டூட்டி இருக்கு” என்றாள்.

அண்ணாதுரை அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. சசிரேகா தண்ணீர் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டாள்.

“எங்க போற?”

“அடிவாரத்துக்குங்க. வர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

அவர் எழுந்தார். “நானும் வர்றேன். மனுவ வாபஸ் வாங்கறேன்னு சொல்லிப் பாக்கறேன். எழுதுனவனே வேண்டாமுன்னு சொன்னா...”

“வேண்டாமுங்ணா. நீங்க எழுதுனதுல பொய்யி ஒண்ணும் இல்லீங்களே.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “உங்க மேல கோவம் இல்லாம இல்ல. எங்கிட்ட இன்னொரு தடவ கேட்டுட்டு எழுதியிருக்கலாம். அது இருக்கட்டும். நீங்க அண்ணி பக்கத்துல இருங்க.”

அடிவாரத்தில் வரிசை கலைந்திருந்தது. ஆண்டனி ராஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எப்படி இருக்காங்க?”

“பொழச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க.”

தலையை ஆட்டினார். பிறகு அலுவலகக் குரலுக்கு மாறினார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் வண்டி இங்கே நிற்கும். பெங்களூரில் ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்கி வர வேண்டும். இங்கே வரியும் அபராதமும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியை அங்கேதான் கேட்டு வாங்க வேண்டும். ஆள் ஏற்றி ஓட்டுவதானால் மஞ்சள் போர்டு, பர்மிட், எல்லாம் வேண்டும்.

“ரெண்டு எடத்துலயும் கட்டிட்டு, ஒரு எடத்துல போயி திருப்பிக் குடுங்கன்னு நிக்கோணுமுங்களா?”

“ஆமா. ஒவ்வொரு மாநிலமும் அதது ரோட்டுக்கு வாங்குது. சட்டம் அப்படித்தாம்மா இருக்கு. எனக்கும் அது நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன்.” சாவிக்குக் கை நீட்டினார். “ஒண்ணு கேக்கறேன். நான் இங்க நிக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுமுங்க. வழியிலயே சொன்னாங்க.”

அவர் சாவியை வாங்கித் தன் ஆளிடம் கொடுத்தார். ஜீப்பைக் கறுப்புக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தக் காருக்குள் யாரும் இல்லை.

சசிரேகா பஸ்ஸில் மலையேறினாள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, கொட்டிக் கிடந்த ஆரஞ்சுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டாள். சக்திவேல் போன் செய்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, குப்பனூர் வழியாக ஏன் போகவில்லை என்று கேட்டான்.

“நாளைக்கு நான் அங்க வர்றேன். நீங்க லீவு போடுங்க” என்றாள். “அடுத்த மாசமுன்னு சொன்னீங்கன்னா, வண்டி அங்கயே துருப்புடிச்சுப் போகட்டும்.”

அவன் லீவு போட்டான். பெங்களூரில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். சேலத்தில் அலைந்தார்கள். அவளுடைய கம்மல் அடகுக்குப் போனது. அந்த வாரங்களில் பிள்ளைகளை எஃப்.சி. முடித்துவந்த தன் ஜீப்பில் அண்ணாதுரை ஏற்றிக்கொண்டு போனார். மனுக் கொடுத்தது தான்தான் என்று அவரே டீக்கடையில் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். மீதிப் பேர், அவர் செய்ததில் என்ன தப்பு என்றார்கள். சசிரேகாவிடம் யாராவது கேட்டால், “ரெண்டும் சரிதானுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஜீப் மஞ்சள் போர்டோடும் தமிழ்நாட்டு எண்ணோடும் மலைக்கு வந்தது. கர்நாடகாவிலிருந்து வர வேண்டிய வரிப் பணம் மட்டும் இன்னும் வரவில்லை.

காலையில் ஸ்டாண்டில் அண்ணாதுரையின் ஜீப் நின்றது. பிள்ளைகள் அதில் ஏறியிருந்தார்கள். சசிரேகா சற்றுத் தள்ளி நிறுத்தினாள். அவர் இறங்கி வந்து அவளுடைய வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் போய், “கீழ் ஊர்க்காரங்க எல்லாம் சசியக்கா வண்டியில ஏறுங்க சாமி. மேல் ஊரு எனக்கு” என்றார். பேரம் எதுவும் நடக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். அவளுக்கு முழுதும் கிடைக்காதது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவருக்கும் அப்படியே இருந்திருக்கும்.

சுகுணா பல வாரம் டயாலிசிஸ் எடுத்து, பாதியாய் இளைத்து, வீடு திரும்பியிருந்தாள். சசிரேகா பார்க்கப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. அண்ணாதுரை வெளியே போகும்வரை காத்திருந்து சுகுணாதான் கேட்டாள்.

“எங்கூட்டுக்காரரு வண்டியிலயே உங்கிட்டச் சொல்லிட்டாராமா, அவருதான் எழுதிக் குடுத்தாருன்னு?”

“சொன்னாருங்க அண்ணி.”

“அப்பறமும் ஓட்டுன?”

“அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரோடு பிரியற எடம் வந்திருச்சு. ஏதோ ஒரு பக்கம் போகோணுமில்லீங்க.”

சுகுணா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சசிரேகாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்தாள்.